வந்துபோன விண்மீன்

ஒரு விடுகதை. தெரிந்தால் விடை சொல்லுங்கள்.

ஒரு வீட்டில் ஓர் அம்மா, ஒன்பது பிள்ளைகள். எல்லோரும் தட்டாமாலை சுற்றுகிறார்கள்.

அம்மா பெரிய உடம்புக்காரி. அவளைத் தராசின் ஒரு தட்டில் உட்கார வைத்தால், மறு தட்டில் ஒன்பது பிள்ளைகளையும் சேர்த்து எழுநூறு தடவைக்கு மேல் ஏற்ற வேண்டும்.

ஆனால் அவள் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. பிள்ளைகளோ எட்ட எட்ட நின்று அவளைச் சுற்றி ஓடுகிறார்கள். அந்த வீட்டில் உள்ள சுழற்சியையெல்லாம் நூறு பங்காகப் பிரித்தால், தொண்ணூற்றெட்டுப் பங்கு பிள்ளைகளிடம் இருக்கிறது. அம்மாவிடம் இரண்டு.

பிள்ளைகள் அம்மாவிடமிருந்துதான் வந்தார்கள் என்றால், அம்மாவின் சுழற்சி எங்கே போயிற்று?

அம்மா சூரியன். பிள்ளைகள் கோள்கள். இதற்கு மேல் துப்புச் சொல்லக் கூடாது.

மேற்கு மலையடிவாரத்தில் உலகம்மை டீச்சர் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில், புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முதல் நாளே இந்த விடுகதையைப் போட்டுவிடுவார்கள். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ள விடுவார்கள். பிறகு விடை சொல்வார்கள்.

விடை சொல்கிறவர் திருமலைக்கொழுந்து.

அந்த ஆனி மாதம் அவர் விடை சொல்லவில்லை. ஓர் அஞ்சலட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சரின் அறைக்குள் வந்தார்.

"இனிமே அந்தப் பாடத்தை நான் சொல்ல மாட்டேன், டீச்சர்."

உலகம்மை கரும்பலகைக்குக் கரி அரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தப் பாடம், அண்ணாச்சி?"

"நட்சத்திரம் வந்துட்டுப் போன பாடம். அது பொய்."

*

டீச்சருக்கு வயது நாற்பது. மாணவர் கொழுந்துக்கு ஐம்பத்திரண்டு.

கொழுந்து முன்பு நில அளவைக்காரர். பதினோரு வருடங்களுக்கு முன், பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்துத் தோப்புக்கும் இடையே ஓர் எல்லைத் தகராறு வந்தது. சங்கிலியோடும் இரண்டு ஆட்களோடும் அளக்க வந்தார். உள்ளே உலகம்மை குழந்தைகளுக்கு விடுகதை போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட கொழுந்துக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. சுழற்சி எங்கே போயிற்று?

மறு மாதம் வேலையை விட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். குழந்தைகள் சிரித்தார்கள். சந்தையில் வேறு விதமாகச் சிரித்தார்கள். "சர்வேயரு பூமியை அளந்து முடிச்சுட்டாருல்லா, இனி வானத்துக்குப் பட்டா போடப் போறாரு" என்றார்கள்.

அந்த விடுகதைக்கு அந்தப் பள்ளியில் அப்போது இரண்டு விடைகள் இருந்தன.

ஒன்று பழையது. ஆதியில் ஒரு பெரிய மேகம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சுருங்கச் சுருங்க வேகம் கூடிற்று. ஓரத்திலிருந்து வளையம் வளையமாகக் கழன்று விழுந்தது. வளையங்கள் திரண்டு கோள்கள் ஆயின. நடுவில் மிஞ்சியது சூரியன். இது அழகான விடை. ஆனால் விடுகதைக்கு முன்னால் நிற்காது. அப்படிச் சுருங்கியிருந்தால் எல்லோரையும்விட வேகமாகச் சுற்ற வேண்டியவள் அம்மா.

மற்றொன்று அந்தக் காலத்துக்குப் புதியது. சூரியன் தனியாக இருந்தது. எங்கிருந்தோ ஒரு விண்மீன் அதன் பக்கமாக வந்தது. வந்த இழுப்பில் சூரியனிலிருந்து ஒரு நீளமான நெருப்புத் துண்டைப் பிய்த்து, பக்கவாட்டில் இழுத்து ஓடவிட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டது. துண்டு உடைந்து கோள்கள் ஆயிற்று. பிள்ளைகளின் ஓட்டம் அம்மா கொடுத்தது இல்லை. வந்தவர் கொடுத்துவிட்டுப் போனது.

மேகத்துக்காக நின்றவர் ஒரு பழைய ஆசிரியர். விண்மீனுக்காக நின்றவர் உலகம்மை.

இந்த மாதிரி சண்டைக்கு அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. உலகம்மையே ஏற்படுத்தியது. இரண்டு பேர் மோதினால், பள்ளியில் கடைசியாகச் சேர்ந்த மாணவர் முன்னால் இருவரும் உட்கார வேண்டும். ஆனால் தன் கட்சியைத் தான் பேசக் கூடாது. எதிராளியின் கட்சியைத்தான் பேச வேண்டும். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறக்கக் கூடாது. எது நிஜம் என்ற கேள்விக்கு.

மாணவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுதான் அந்த வருடப் பாடம். தோற்றவர்தான் அதை நடத்த வேண்டும்.

அன்று கடைசியாகச் சேர்ந்திருந்த மாணவர் திருமலைக்கொழுந்து. விண்மீனைத் தேர்ந்தெடுத்தார்.

பழைய ஆசிரியர் ஒரு வருடம் முகத்தைச் சுளித்துக்கொண்டே விண்மீனைப் பாடம் நடத்திவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு கொழுந்தே அந்தப் பாடத்தை எழுதினார், அச்சுக்குக் கொடுத்தார், சொன்னார். அவர் சொல்லி முடித்தால் குழந்தைகள் வீட்டுக்குப் போக மறந்துவிடுவார்கள்.

*

"பொய்யின்னு யாரு சொன்னா?" என்று உலகம்மை கேட்டார்.

கொழுந்து அஞ்சலட்டையை நீட்டினார்.

எழுதியிருந்தவன் கொம்பையா. அந்தப் பள்ளியில் படித்தவர்களில் கெட்டிக்காரன். மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும் நேர்காணலுக்கு நகரத்துக்குப் போயிருந்தான். மூன்று பெரியவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்களாம். கோள்கள் எப்படி வந்தன என்று கேட்டார்களாம். இவன் விண்மீனைச் சொன்னானாம். நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டு, "அந்தக் கதையை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு தம்பி, உங்க ஊருக்குச் சேதி வரலியா?" என்றாராம். மற்ற இருவரும் சிரித்தார்களாம். அதோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம்.

கடைசியில் இப்படி எழுதியிருந்தான்:

'இப்போது மிளகாய் வத்தல் மண்டியில் எடை போடுகிறேன். சார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சார் சொன்னதைத்தான் சொன்னேன். தங்கச்சி பேச்சியை நம் பள்ளியில்தான் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.'

உலகம்மை இரண்டு தடவை படித்தார்.

அட்டை வந்த மறுநாளே பஸ் ஏறி நகரத்து நூலகத்துக்குப் போனதாகக் கொழுந்து சொன்னார். கடல் தாண்டி வந்த இதழ்களைத் தேடி எடுத்துப் படித்ததாகச் சொன்னார். விஷயம் சின்னதுதான். சூரியனுக்குள்ளிருந்து பிய்த்த ஆவி அவ்வளவு சூடாக இருக்கும். அவ்வளவு சூடான ஆவி திரளாது. குளிர்வதற்கு முன்னாலேயே, சில மணி நேரத்துக்குள், நாலாபுறமும் சிதறிப் போய்விடும். கோளாக உருள அங்கே ஒன்றும் மிஞ்சாது.

"அந்தக் கணக்கை நான் புதுசாப் படிக்கல, டீச்சர். எட்டு வருஷத்துக்கு முன்னால நானே போட்டேன். இதே கையால. உங்ககிட்ட நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். நீங்கதான் அடிக்கச் சொன்னிய."

உலகம்மை எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பழைய நோட்டுக்களில் ஒன்றை உருவினார். பக்கத்தைப் புரட்டி அவர் முன்னால் வைத்தார்.

கொழுந்தின் கணக்கு. வரி வரியாக, ஒரு பிசிறு இல்லாமல். அடியில் விடை: நிற்காது, சிதறும்.

அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் கொழுந்தின் கையெழுத்திலேயே இரண்டு சொற்கள்: சங்கிலிப் பிழை.

அது அவருடைய பழைய தொழில் வார்த்தை. நிலம் அளக்கும்போது கணக்கு பொருந்தாமல் போனால் எல்லைக்கல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. கல் நட்டது நட்டதுதான். சங்கிலி பிடித்தவன் எங்கோ தளர விட்டிருக்கிறான் என்று எழுதி, அளவைக் கல்லுக்குச் சரிக்கட்டி விடுவார்கள்.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே, பென்சிலில், உலகம்மையின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

'உறுதியா?'

அதற்குக் கீழே பக்கம் காலியாக இருந்தது.

கொழுந்து அந்தச் சொல்லை முதல் தடவையாகப் பார்த்தார். கணக்கைத் தானே அடித்துவிட்டு நோட்டைக் கொடுத்தது மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. டீச்சர் திருப்பித் தந்ததும் பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் வைத்ததும் நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"வாயால கேட்டிருக்கலாமே, டீச்சர்" என்றார்.

"கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

உலகம்மை கரி அப்பியிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதை நல்லா இருந்துச்சு, அண்ணாச்சி."

*

பாடத்தை இன்றைக்கே எடுத்துவிடுவோம் என்றார் கொழுந்து. பழைய அச்சுத் தாள்களை அடுப்பில் போட்டுவிடுவோம் என்றார்.

உலகம்மை அதற்குப் பதிலாக என்ன பாடம் வைப்பீர்கள் என்று கேட்டார்.

"தெரியாதுன்னு சொல்லுவோம். மேகமும் நிக்கல, நட்சத்திரமும் நிக்கல. வேற ஒண்ணும் கையில இல்ல. தெரியாதுன்னே சொல்லுவோம்."

"சரி. அப்போ நீங்க ஒரு கட்சி. பாடத்துல இருக்கதுக்கு நான் இன்னொரு கட்சி. வழக்கப்படி நடக்கட்டும்."

கொழுந்துக்குக் கோபம் வந்தது. அவர் டீச்சரிடம் கோபப்பட்டது அந்தப் பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ரெண்டு பேருக்கும் உண்மை தெரிந்த பிறகு எதற்கு வழக்கம் என்று கேட்டார். ஏழு வயசுப் பிள்ளை பொய்யைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வருடம் முழுக்கப் பொய்யைச் சொல்லிக்கொடுப்பதா என்று கேட்டார்.

"அது உங்க வேலையாத்தான் இருக்கும். தோக்குறவரு நீங்கல்லா."

"தோத்தா நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். சங்கிலியைத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்."

"போங்க."

அவர் வாசலுக்குப் போனார். திரும்பினார்.

"கடைசியாச் சேந்த பிள்ளை யாரு?"

உலகம்மை அஞ்சலட்டையை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பேச்சி."

கொழுந்து அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொம்பையாவின் தங்கை. அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் வத்தல் நெடியோடு வந்து ஒன்றும் பேசாமல் படுப்பதைப் பார்க்கிற பிள்ளை. அந்த விண்மீனால் அந்த வீட்டுக்கு என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார்.

*

மறுநாள் காலை, கஞ்சி காய்ச்சும் கொட்டகையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். உலகம்மைதான் அந்த இடத்தைக் கேட்டார்.

பெஞ்சின் மேல் இரண்டு சிலேட்டுகள். ஒன்றில் சாக்கட்டியால் ஒரு விண்மீன். மற்றொன்று வெறுமை. சுவரில் ஓர் ஆணி. எந்த சிலேட்டு ஆணிக்குப் போகிறதோ அது பாடம்.

பேச்சிக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. நாக்கை அந்த ஓட்டைக்குள் விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். விடுகதையை ஒரு வாரமாக யோசித்துத் தன் விடையோடு வந்திருந்தாள். அம்மாவுக்குக் கால்வலி என்பது அவள் விடை.

உலகம்மை சிரித்தார். பிறகு முதலில் பேசினார். வழக்கப்படி கொழுந்தின் கட்சியைப் பேச வேண்டியவர் அவர்.

"பேச்சி, மாவை உருண்டை பிடிப்பியா?"

"பிடிப்பேனே. கொழுக்கட்டையே பிடிப்பேன்."

உலகம்மை கஞ்சிப் பானையின் மூடியைத் தூக்கினார். ஆவி குபுகுபுவென்று எழுந்தது.

"இதைப் பிடி பாப்போம்."

பேச்சி எட்ட நின்று இரண்டு கையாலும் ஆவியை அள்ளினாள். கையைப் பொத்தினாள். திறந்து பார்த்தாள். மறுபடி அள்ளினாள்.

"நிக்க மாட்டேங்குது டீச்சர்."

"சூரியனுக்குள்ள இருந்து இழுத்த ஆவி இதைவிட எத்தனையோ ஆயிரம் மடங்கு சூடு. அது நிக்குமா?"

"நிக்காது."

"நிக்காட்டி உருண்டை வருமா?"

"வராது." பேச்சி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நாம நிக்கிற பூமி எப்படி வந்துச்சு?"

"தெரியாது."

"டீச்சருக்கே தெரியாதா?"

"தெரியாது."

"சாருக்கு?"

"சாருக்கும் தெரியாது. பெரிய பெரிய ஊர்கள்ல இருக்கவங்களுக்கும் இன்னும் தெரியாது. தேடிக்கிட்டு இருக்காங்க. நீ பெரியவளானா நீயும் தேடலாம்."

அவ்வளவுதான் சொன்னார். நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து கொழுந்து புரிந்துகொண்டதை ஒரு பானை மூடியைத் தூக்கிச் சொல்லி முடித்துவிட்டார். தன் சொந்தக் கட்சியைத் தானே உடைக்கிறபோது அவர் குரல் ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஒன்றையும் மறைக்கவில்லை.

அடுத்து கொழுந்து.

முந்தின நாளே முடிவு செய்திருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்வது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காதிருப்பது. பொய் சொல்லப் போவதில்லை. கதையை வறட்டி போலக் காயவைத்துக் கொடுக்கப் போகிறார், அவ்வளவுதான்.

"ஒரு நட்சத்திரம் வந்தது. சூரியனுக்குப் பக்கமாகப் போனது. கொஞ்சம் ஆவியை இழுத்தது. அது ஒன்பது துண்டாச்சு. அதுதான் கோள்கள்."

"அவ்வளவுதானா, சார்?"

"அவ்வளவுதான்."

பேச்சி கஞ்சிப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆவியில் ஒரு விரலை விட்டு எடுத்தாள். கொழுந்துக்கு நெஞ்சு லேசாயிற்று.

பிறகு அவள் கேட்டாள், பானையைப் பார்த்துக்கொண்டே.

"அந்த நட்சத்திரம் எங்க போச்சு?"

கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"தன் வழியே போச்சு."

"திரும்பிப் பாக்கலியா?"

"பாக்கல."

"பிள்ளைங்க பிறந்தது அதுக்குத் தெரியுமா?"

கொழுந்து தெரியாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பத்து வருடம் சொன்ன வாய் அது. கதவு கொஞ்சம் திறந்தது போதும்.

"திருச்செந்தூர்ல கடல் ஏறுறதைப் பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டார்.

பார்த்திருந்தாள். அண்ணன் தூக்கிக்கொண்டு நின்றானாம்.

அவ்வளவு தூரத்தில் இருக்கிற சின்ன நிலா கடலையே தூக்குகிறதே, ஒரு சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு சூரியன் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அவள் வாயைத் திறந்துகொண்டாள். நெருப்பே ஒரு மலையாக எழும்பியதைச் சொன்னார். மலை ஒரு நாக்காக நீண்டதைச் சொன்னார். கையை நீட்டிக் காட்டினார். நாக்கின் நடுப்பகுதி தடிமன், அங்கேதான் வியாழனும் சனியும். நுனிகள் மெல்லிசு, அங்கே சின்னச் சின்னக் கோள்கள். நாம் ஒரு நுனிக்குப் பக்கத்தில். வந்தவர் நின்று பிடுங்கவில்லை, போகிற போக்கில் இழுத்தார், அதனால்தான் நாம் இன்னும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறோம், அந்த ஓட்டம் அவருடையது.

கொழுந்து எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"அது ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு, பேச்சி. நிக்கல. பேர் சொல்லல. இப்பவும் எங்கேயோ இருட்டுல போய்க்கிட்டு இருக்கு. ஒன்பது பிள்ளைங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதுல ஒரு பிள்ளை மேல நீ நிக்கிற. உன் காலுக்குக் கீழ இருக்கது அது தொட்ட மண்ணு."

பேச்சி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

கொழுந்து மெல்ல உட்கார்ந்தார். அவர் இதுவரை சொன்னதிலேயே இதுதான் ஆகச் சிறந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

"மோசமாச் சொல்லணும்னுதான் வந்தேன், டீச்சர்."

"தெரியும்."

"நீங்க நல்லாச் சொன்னிய. நான் அதைவிட நல்லாச் சொல்லிட்டேன்."

பானை மூடி இன்னும் உலகம்மையின் கையில் இருந்தது.

*

பேச்சி பெஞ்சின் முன்னால் போய் நின்றாள். இரண்டு சிலேட்டையும் பார்த்தாள். விண்மீன் மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். வெறும் சிலேட்டின் மேல் வைத்தாள். அதிலிருந்தும் எடுத்தாள்.

பிறகு திரும்பி கொழுந்தைப் பார்த்தாள்.

"எது நெசம், சார்?"

அது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. பதில் சொல்லக் கூடாத கேள்வி.

ஒரு சொல் போதும். அவருக்கு அது தெரியும். சட்டைப் பையில் அவள் அண்ணனின் அட்டை இருந்தது. வழக்கத்தை உடைத்தால் யாரும் சிறையில் போடப் போவதில்லை. ஆணியும் சிலேட்டும் ஒரு பள்ளிக்கூடத்துப் பழக்கம், அவ்வளவுதான்.

கொழுந்து வாயைத் திறந்தார். திறந்த வாயோடு உலகம்மையைப் பார்த்தார். அவர் கண்ணைக் காட்டினால் சொல்லிவிடலாம்.

உலகம்மை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி.

அவரும் காத்திருந்தார். இவரும் காத்திருந்தார்.

கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. நெருப்பு சீறியது. யாரும் எழுந்து போகவில்லை.

பேச்சி கொஞ்ச நேரம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆணி எட்டவில்லை. பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டாள்.

விண்மீன் வரைந்த சிலேட்டை மாட்டினாள்.